மாதம் 1,500 ரூபாயில் வீட்டுக்கல்வி: இலவச இணைய வளங்களை நம்பி இரு பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தலாமா?

தையல்வீடு (திண்டுக்கல் மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்பு முடித்த மகனும் நான்காம் வகுப்பு முடித்த மகளும் எங்களுக்கு இருக்கிறார்கள். இருவரும் இதுவரை ஒரு தனியார் பள்ளியில் தமிழ்வழியில் படித்தார்கள். என் கணவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். நான் வீட்டிலேயே ரவிக்கையும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கிறேன். கட்டணம் கட்டத் தாமதமானதால் சென்ற பருவத்தில் என் மகனை இரண்டு நாள்கள் வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அவனுக்குத் திக்குவாய் உண்டு. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னாலே நடுங்குகிற பிள்ளை, அந்த இரண்டு நாள்களுக்குப் பிறகு வீட்டிலும் புத்தகத்தைத் தொடுவதில்லை. "ஒரு வருஷம் மட்டும் வீட்டிலேயே படிக்கிறேன் அம்மா" என்று அவனே கேட்டுவிட்டான்.

அவனை வீட்டில் வைத்துக்கொள்வதென்றால் மகளையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாமே என்று என் கணவர் சொல்கிறார். எல்லாப் பாடமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே என்பது அவருடைய வாதம். இருவருக்குமாக மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் எங்களால் ஒதுக்க முடியாது. ஒரு திறன்பேசியும், உறவினர் கொடுத்த பழைய மடிக்கணினி ஒன்றும் இருக்கின்றன. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். இப்படி வீட்டில் வைத்துப் படிக்கவைப்பது சட்டப்படி குற்றமாகுமா, எந்த வளங்களை நம்பலாம், பின்னாளில் சான்றிதழுக்கு என்ன வழி என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். நிலுவைத் தொகையைக் கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழ் தருவோம் என்று பழைய பள்ளியில் சொல்லியிருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நொய்யல்கரை (கோயம்புத்தூர்)

சகோதரி, என் இரு பிள்ளைகளும் ஆறு ஆண்டுகளாக வீட்டில்தான் படிக்கிறார்கள். ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 10ஆம் பிரிவு, குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று சொல்கிறது. ஆனால் அக்கடமையைச் செய்யாத பெற்றோருக்கு எந்தத் தண்டனையையும் அச்சட்டம் குறிப்பிடவில்லை. வீட்டுக்கல்வி அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு உங்களுக்கு மிகவும் தேவையானது. தொடக்கக் கல்வியை முடிக்க இயலாமல் நின்றுவிட்ட குழந்தையை, அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. ஓராண்டு முயன்று பார்த்துச் சரிவரவில்லையென்றால், உங்கள் மகன் திரும்பிப் போவதற்கு வாசல் மூடப்படுவதில்லை.

இனி வளங்கள். முதலாண்டில் நாங்கள் செய்த பெரிய பிழை, இலவசமாகக் கிடைத்த எல்லாவற்றையும் சேர்த்துவைத்ததுதான். நாற்பதுக்கும் மேற்பட்ட இணையதளங்களைக் குறித்துவைத்திருந்தேன். திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை மற்றொன்று என்று தாவித்தாவி, ஆறு மாத முடிவில் என் மகளுக்கு எதுவும் தொடர்ச்சியாகத் தெரிந்திருக்கவில்லை. இப்போது எங்கள் வீட்டில் முதுகெலும்பாக இருப்பது தமிழ்நாடு அரசுப் பாடநூல்தான். தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் வெளியிடும் எல்லா வகுப்பு நூல்களையும் பி.டி.எஃப் வடிவில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2018-19 முதல் படிப்படியாக வந்த புதிய நூல்களில் பாடந்தோறும் கியூஆர் குறியீடு அச்சிடப்பட்டிருக்கிறது. அதைத் திறன்பேசியில் காட்டினால் அப்பாடத்துக்குரிய காணொலியோ பயிற்சியோ ஒன்றிய அரசு நடத்தும் தீக்‌ஷா தளத்தில் திறக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடங்களை விளக்கும் காணொலிகள், தமிழ்நாடு அரசு 2023 ஜூலையில் வெளியிட்ட மணற்கேணி செயலியில் இருக்கின்றன. உங்கள் மகனுக்கு இந்த இரண்டும் போதும்.

மகளுக்கு வாசிப்புதான் முதன்மை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளமாக இருக்கின்றன. வாசிப்பு நிலை 1 முதல் 4 வரை பிரிக்கப்பட்டிருப்பதால் குழந்தைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எளிது. படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வெளியாகும் நூல்கள் என்பதால் இறக்கிக்கொள்ளவும் அச்சிடவும் தடையில்லை.

கடைசியாக ஒன்று. இணைய வளம் இலவசம்; அதன் அருகில் உட்கார்ந்திருக்கும் உங்கள் நேரம் இலவசமன்று. நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் ஊசியையும் கத்தரியையும் வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு உட்கார முடியுமா என்பதை முதலில் கணக்கிடுங்கள். இரண்டரை மணி நேரத்தில் நீங்கள் தைக்கும் ரவிக்கைக்கு என்ன கூலியோ, அதுதான் இந்தக் கல்வியின் உண்மையான கட்டணம்.

கரும்பலகை (அரசுப் பள்ளி ஆசிரியை)

அம்மா, உங்கள் மகனுக்கு நேர்ந்ததைப் படித்து மிகவும் வருந்தினேன். கட்டணத்துக்காக ஒரு குழந்தையை வெளியே நிறுத்துவது எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதன்று.

நான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். உங்களுக்கு முன்னால் இருப்பவை தனியார் பள்ளி, வீடு என்ற இரண்டு வழிகள் மட்டுமல்ல. மூன்றாவது வழியை நீங்கள் குறிப்பிடவே இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். பணத்தட்டுப்பாட்டைக் காரணமாகச் சொல்லும் குடும்பம், அரசுப் பள்ளியை விட்டுவிடுவதால் எதை இழக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

உங்கள் மகளை எடுத்துக்கொள்வோம். அரசுத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தால் காலை உணவும் மதியம் முட்டையுடன் சத்துணவும் கிடைக்கும். பாடநூல், குறிப்பேடு, சீருடை, பை ஆகியவற்றுக்கு நீங்கள் ஒரு காசும் செலவிட வேண்டியதில்லை. அதைவிடப் பெரியது பின்னால் வருகிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரிக்குப் போனால் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவளது வங்கிக் கணக்குக்கு வரும். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அது. 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. மருத்துவப் படிப்பில் 2020இல் கொண்டுவரப்பட்ட 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கு விரிவுபடுத்தப்பட்ட ஒதுக்கீடும் அந்த ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான படிப்பையே அளவுகோலாகக் கொண்டவை. வீட்டில் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் அந்த ஏழு ஆண்டுகளுக்கு ஈடாக எதையும் காட்ட முடியாது.

உங்கள் மகனின் கணக்கு வேறு. அவன் ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளியில் முடித்துவிட்டதால், இந்தச் சலுகைகள் அவனுக்கு ஏற்கெனவே கைநழுவிவிட்டன. அவன் ஓராண்டு வீட்டில் இருப்பதால் புதிதாக இழப்பது குறைவு. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே முடிவுதான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மாற்றுச் சான்றிதழைக் காட்டி அச்சுறுத்தினால் அஞ்ச வேண்டாம். அது கட்டண நிலுவையை வசூலிக்கும் கருவி அன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவும், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் நேரில் சென்று சொல்லுங்கள். மகனை வீட்டில் வைத்துக்கொண்டால், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்காக ஆசிரியர்கள் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். நானும் அப்படித் தெருத்தெருவாகச் சென்றவள்தான். அவர்களிடம் மறைக்காமல், குழந்தை என்ன படிக்கிறான் என்பதைக் குறிப்பேட்டோடு காட்டுங்கள்.

திக்குவாய்க்கு மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையத்தை அணுகுங்கள். பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி உட்பட அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும். பாடத்தைவிட அதுவே அவனுக்கு முதலில் தேவை என்பது என் கருத்து.

நொய்யல்கரை

ஆசிரியை அம்மையார் சொன்ன சலுகைகளில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. புதுமைப் பெண் திட்டத்தை நான் எண்ணிப் பார்க்காமல் பதில் எழுதியது என் குறைதான். ஆயினும் ஒன்று கேட்க விரும்புகிறேன். என்ன கிடைக்கும் என்பதை நீங்கள் பட்டியலிட்டீர்கள். குழந்தை என்ன கற்கும் என்பதைச் சொல்லவில்லை. ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன அல்லவா? அந்த அறையில் என் பிள்ளைக்கு ஒரு நாளில் எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று எண்ணித்தான் நான் வீட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

கரும்பலகை

நியாயமான கேள்வி. என் பள்ளியிலேயே நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் சேர்த்துத்தான் நடத்துகிறேன். அதை மூடிமறைக்க மாட்டேன். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளையோடு தனியாக உட்கார எனக்கு நாளொன்றுக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அன்று நல்ல நாள். அந்தப் பற்றாக்குறையை நிரப்புவதற்குத்தான் வீடும் இணையமும் வேண்டும் என்கிறேன். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை பள்ளியில் இருந்துவிட்டு, மாலையில் ஒரு மணி நேரம் தாயோடு வாசிக்கும் குழந்தைக்கு இரண்டும் கிடைக்கின்றன. நீங்கள் சொன்ன ஸ்டோரிவீவர் கதைகளை நானே வகுப்பில் பயன்படுத்துகிறேன். அந்த வளங்களைப் பயன்படுத்தப் பள்ளியை விட்டு நிற்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் இல்லை.

நொய்யல்கரை

இதை நான் ஏற்கிறேன். எங்கள் வீட்டில் நானும் என் மனைவியும் மாறிமாறி உட்கார முடிந்ததால்தான் ஆறு ஆண்டுகள் ஓடின. கணவர் பாதி நாள்கள் வெளியூரில் இருக்க, ஒரு தாய் தையலையும் இரு பிள்ளைகளின் படிப்பையும் ஒருசேரச் சுமப்பது வேறு நிலைமை.

தையல்வீடு

இவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு நன்றி. நேற்று இரவு இருவர் எழுதியதையும் என் கணவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். ஏழு ஆண்டுகள் என்ற கணக்கு அவரை யோசிக்க வைத்திருக்கிறது. மகனைப் பற்றி மட்டும் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். ஒன்று கேட்க வேண்டும். எனக்குக் கணக்கு வராது. பின்னம் என்றாலே எனக்கே பயம். அவனுக்கும் அதிலேதான் தகராறு. காணொலியைப் போட்டுவிட்டால் தலையாட்டிக்கொண்டே பார்க்கிறான்; பிறகு கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரிவதில்லை.

ஓய்வுபெற்ற கணக்காசிரியர் (மேலூர்)

அம்மா, கணக்கு வராது என்று சொல்லாதீர்கள். நாள்தோறும் பின்னத்தில் வேலை செய்கிறவர் நீங்கள். முப்பத்தோரு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், உங்கள் கழுத்தில் தொங்கும் இஞ்சு டேப்பைப் போன்ற பாடக்கருவி எந்தச் செயலியிலும் இல்லை.

நாளைக்கு அவனை அருகில் உட்காரவைத்து, ஒரு ரவிக்கையின் மார்புச் சுற்றளவைக் கொடுத்து, நான்கில் ஒரு பங்கைக் கேளுங்கள். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல் என்பது தச்சருக்கும் கொத்தனாருக்கும் தெரிந்த கணக்கு. அதை அவனுக்கும் சொல்லிவிடுங்கள். சுற்றளவு 34 என்றால் நான்கில் ஒன்று எட்டரை, அதாவது 8 அங்குலம் 4 நூல். 33 என்றால் எட்டேகால், 8 அங்குலம் 2 நூல். 35 என்றால் எட்டேமுக்கால், 8 அங்குலம் 6 நூல். இந்த மூன்றையும் அவனே டேப்பில் விரல் வைத்துக் காட்டட்டும். பிறகு முப்பத்து நான்கரையைக் கொடுங்கள். விடை 4 நூலுக்கும் 6 நூலுக்கும் நடுவில் விழ வேண்டும் என்று அவனுக்கே தோன்றும். 8 அங்குலம் 5 நூல் என்று அவன் சொன்ன அந்தக் கணத்தில், எட்டில் ஐந்து என்ற பின்னம் அவன் கைக்குள் வந்துவிட்டது என்று பொருள். அரை, கால், அரைக்கால் என்று நம் முன்னோர் பாதிபாதியாகப் பகுத்த முறையும் இதுவேதான். அரைக்கால் என்பது எட்டில் ஒன்று.

கையில் வந்த பிறகு திரைக்குப் போங்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கப்பட்ட ஃபெட் என்ற தளத்தில் கணக்குக்கும் அறிவியலுக்குமான ஊடாட்டப் பாவனைகள், அதாவது பிள்ளையே நகர்த்தி மாற்றிப் பார்க்கும் திரை மாதிரிகள், இலவசமாக இருக்கின்றன. பல பாவனைகள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. பின்னங்களை வட்டமாகவும் பட்டையாகவும் எண்கோடாகவும் மாற்றிப் பார்க்கும் பாவனையை அவனிடம் விட்டுவிட்டு நீங்கள் தையலைத் தொடரலாம். மூன்றாவதாகத்தான் பாடநூலின் பயிற்சி. கை, திரை, தாள் என்ற இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினால், காணொலியைப் பார்த்துத் தலையாட்டும் பழக்கம்தான் மிஞ்சும்.

காணொலி பார்க்கும்போதும் ஒன்று செய்யலாம். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இதுவரை பார்த்ததை இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். பேசத் தயங்கும் பிள்ளைக்கு எழுதுவது ஆறுதலாகவும் இருக்கும்.

சிக்கன இணைப்பு (கணினி பழுதுபார்ப்பவர், கரூர்)

நான் பள்ளியைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவன் அல்லன். ஆனால் நாளுக்கு ஒன்றரை ஜிபி தரவை வைத்துக்கொண்டு இவற்றையெல்லாம் எப்படி நடத்துவது என்பது என் தொழில் சார்ந்த செய்தி.

காணொலியை உயர்தரத்தில் ஓடவிட்டால் ஒரு மணி நேரத்திலேயே அன்றைய தரவு தீர்ந்துவிடும். 360பி தரத்துக்குக் குறைத்துவிட்டால் மணிக்குச் சுமார் 300 எம்பி அளவில் அடங்கும். கரும்பலகை எழுத்தும் தெளிவாகவே தெரியும். பாடநூல்களை ஒருமுறை இறக்கி மடிக்கணினியில் வைத்துவிட்டால் பிறகு இணையமே வேண்டியதில்லை. ஃபெட் பாவனைகளைத் தனித்தனிக் கோப்பாக இறக்கி, இணைப்பே இல்லாமல் உலாவியில் திறக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் தமிழ் விக்கிப்பீடியாவை முழுவதுமாகக் கணினியிலேயே வைத்துக்கொண்டு தேடலாம். இவற்றையெல்லாம் நகரத்துக்குப் போகும் நாளில், மாவட்ட மைய நூலகத்தில் இணைய வசதி இருந்தால் அங்கேயே இறக்கிக்கொள்வது நல்லது.

இன்னொன்று. பிள்ளை படிக்கும் நேரத்தில் மடிக்கணினி இணைப்பின்றி இருப்பதே சிறந்தது. செலவு மட்டும் காரணமன்று. இணைப்பு இருந்தால் பாடக் காணொலிக்குப் பக்கத்திலேயே வேறு பத்துக் காணொலிகள் வந்து நிற்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் கேபிள் இணைப்பு இருந்தால் 2019 ஆகஸ்ட் முதல் ஒளிபரப்பாகும் கல்வித் தொலைக்காட்சியின் கால அட்டவணையைப் பாருங்கள். அதற்குத் தரவே செலவாகாது. பழைய மடிக்கணினி மிகவும் மெதுவாக இயங்கினால் எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவுங்கள். அதற்கு உரிமக் கட்டணம் ஏதுமில்லை.

திறந்தவெளி மாணவி

அக்கா, நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, வீட்டில் படித்து, என்.ஐ.ஓ.எஸ் வழியாகப் பத்தும் பன்னிரண்டும் முடித்து, இப்போது கல்லூரியில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சான்றிதழ் பற்றி நீங்கள் கேட்டதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லாததால் எழுதுகிறேன்.

என்.ஐ.ஓ.எஸ் எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் 1989இல் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் தேர்வு வாரியம். பத்தாம் வகுப்புக்கு நிகரான படிப்பில் சேரப் பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழ்வழியிலும் எழுதலாம். பாட நூல்களை அவர்களுடைய இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். சேர்க்கைக்கும் தேர்வுக்கும் மட்டும் கட்டணம் உண்டு. ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபர்-நவம்பர் மாதங்களிலும் பொதுத்தேர்வு நடக்கும். ஒருமுறை பதிவு செய்தால் ஐந்தாண்டுகள் செல்லும். அதற்குள் ஒவ்வொரு பாடமாகவும் எழுதித் தேறலாம். பதற்றத்தில் மூச்சு முட்டுகிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு வசதிக்காகவே இதைப் பரிந்துரைப்பேன். நான் முதல் தவணையில் இரண்டு பாடங்களை மட்டும்தான் எழுதினேன்.

ஆனால் எனக்கு நேர்ந்த ஓர் இழப்பையும் சொல்ல வேண்டும். ஐந்து பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம்முடையது என்பதால், கணக்குக்குப் பயந்து அதை விட்டுவிட்டு மனையியலை எடுத்தேன். அப்போது யாரும் தடுக்கவில்லை. பிறகு பாலிடெக்னிக்கில் சேர நினைத்தபோது அந்த வாசல் எனக்கு மூடியிருந்தது. உங்கள் மகன் எந்தப் பாடத்தை விட்டாலும் கணக்கையும் அறிவியலையும் விட வேண்டாம்.

மாநில அரசின் வழியும் இருக்கிறது. பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக, அதாவது பள்ளியில் சேராமலே, எழுதலாம். அரசுத் தேர்வுகள் இயக்ககம் அதை நடத்துகிறது. அதில் தேறினால் பதினான்கரை வயதுக்குப் பிறகு பத்தாம் வகுப்பையும் நேரடித் தனித்தேர்வராக எழுதலாம். அதற்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பெயர் பதிவு செய்ய வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். என்னோடு படித்த தோழி ஒருத்தி அதைத் தவறவிட்டு ஓராண்டைப் பறிகொடுத்தாள். அடுத்த ஆண்டே பள்ளிக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால், இந்தத் தேர்வுகள் எதுவும் உங்களுக்கு இப்போது தேவையில்லை.

வீட்டில் படித்த ஆண்டுகளில் எனக்கு மிகவும் குறைவாக இருந்தது பாடம் அன்று, பேச்சுத் துணை. மாலையில் விளையாடத் தோழர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

கரும்பலகை

தங்கை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். திக்குவாய் உள்ள பிள்ளைகள் தனியாக வாசிக்கும்போது தடுமாறினாலும், இன்னொருவரோடு ஒரே குரலில் சேர்ந்து வாசிக்கும்போது பெரும்பாலும் தடையின்றி வாசிப்பார்கள். இது மருத்துவர்களும் அறிந்த செய்தி. அண்ணனும் தங்கையும் நாள்தோறும் ஒரு கதையைச் சேர்ந்து வாசிக்கட்டும். திருத்த வேண்டாம், வேகப்படுத்த வேண்டாம், நீங்கள் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள்.

தையல்வீடு (ஏழு வாரங்களுக்குப் பிறகு)

வணக்கம். பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நடந்ததைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

மகளை எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் சேர்த்துவிட்டோம். மாற்றுச் சான்றிதழ் இல்லாமலேயே தலைமையாசிரியர் சேர்த்துக்கொண்டார்; உயர் நீதிமன்றத் தீர்ப்பைச் சொன்ன பிறகு பழைய பள்ளியும் இரண்டு வாரத்தில் சான்றிதழைக் கொடுத்துவிட்டது. காலையில் அங்கேயே சாப்பிடுவதால், அடுப்படியில் நான் செலவிட்ட அந்த நேரம் இப்போது மகனுக்குக் கிடைக்கிறது. அவள் அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கும் அரசுப் பள்ளிக்கே போவாள்.

மகன் வீட்டில் இருக்கிறான். காலை எட்டரை முதல் பதினொன்று வரை நான் இயந்திரத்தை மிதிப்பதில்லை. அதனால் வாரத்துக்கு மூன்று நான்கு ரவிக்கை குறைகிறது என்பது உண்மைதான். பள்ளிக் கட்டணம் இல்லாததால் அதைத் தாங்க முடிகிறது. பாடநூல், மணற்கேணி, ஃபெட் ஆகிய மூன்றைத் தவிர வேறு எதையும் திறப்பதில்லை என்று முடிவு செய்தோம். முதல் மூன்று வாரங்கள் அவன் எதிலும் ஒட்டவில்லை. நானும் ஒருநாள் பொறுமையிழந்து அழுதுவிட்டேன். ஐயா சொன்ன இஞ்சு டேப்பிலிருந்துதான் மாற்றம் தொடங்கியது. முப்பத்து நான்கரைக்கு உடனே விடை வரவில்லை. டேப்பை நான்காக மடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஐந்து நூல் என்றான். இப்போது வாடிக்கையாளர் அளவுக் குறிப்பேட்டில் நான்கில் ஒரு பங்கை எழுதுவது அவன் வேலை.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை அரசு மருத்துவமனைக்குப் போகிறோம். இரவில் அண்ணனும் தங்கையும் கதை வாசிக்கிறார்கள். நேற்று வாசித்துக்கொண்டிருக்கும்போது நடுப்பக்கத்தில் அவள் தூங்கிவிட்டாள். அவன் நிறுத்தவில்லை. இரண்டு இடத்தில் திக்கினான், காத்திருந்தான், மீதிப் பக்கங்களைத் தனியாகவே வாசித்து முடித்தான். நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன், ஆசிரியை அம்மா.

சென்ற மாதச் செலவைக் கேட்கும் தாய்மார்களுக்காக எழுதுகிறேன்: அலைபேசித் திட்டம் 349 ரூபாய், அச்சும் நகலும் 140, நோட்டும் பேனாவும் 160, மருத்துவமனைக்குப் பேருந்து 240, ஆக மொத்தம் 889 ரூபாய். அடுத்த சனவரியில் அவனுடைய எட்டாம் வகுப்புப் பாடம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளியா, தனித்தேர்வா என்பதை அவனிடமே கேட்பதாக இருக்கிறோம்.